டார்வின் வீட்டில் டிசம்பர் 27

மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கும் எனக்கு அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசி வாரத்தில் வரும். அந்த நாள்களில் சார்லஸ் டார்வினின் கடிதங்களைத் தேதி வாரியாக வாசிப்பதைச் சில ஆண்டுகளாக ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறேன். அவர் எழுதியவையும் அவருக்கு வந்தவையுமாக ஏறத்தாழ 15,000 கடிதங்கள் இன்று கிடைக்கின்றன. கேம்பிரிட்ஜில் 1974-இல் தொடங்கிய தொகுப்புப் பணி 30 தொகுதிகளாக நிறைவு பெற்று, அவை அனைத்தும் இணையத்தில் யாரும் வாசிக்கும்படி வைக்கப்பட்டுள்ளன. இன்று டிசம்பர் 27 என்றால், அவருடைய வாழ்வில் எந்தெந்த ஆண்டின் டிசம்பர் 27-க்கு அருகில் கடிதம் இருக்கிறதோ அதை எடுத்து வாசிப்பேன். அப்படி வாசித்ததில்தான் அந்த ஒரு தேதி அவர் வாழ்வில் மூன்று முறை, மூன்று வெவ்வேறு விதமாக வந்து நின்றதைக் கவனித்தேன்.

முதலாவது 1831. டார்வின் இயற்கை ஆய்வாளராகப் பயணம் செய்யவிருந்த பீகிள் கப்பல் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தில் நல்ல காற்றுக்காக வாரக்கணக்கில் காத்துக் கிடந்தது. அந்தக் காற்று கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்தது. ஆனால் பண்டிகைக் குடியில் மாலுமிகளில் பெரும்பாலோர் மயங்கிக் கிடந்தார்கள், சிலர் கப்பலுக்கே திரும்பவில்லை. புறப்பட அருமையான நாள் வீணாயிற்று என்று 22 வயது டார்வின் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். மறுநாள், டிசம்பர் 27 அன்று, கப்பல் நங்கூரம் எடுத்தது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் நீண்ட அந்தப் பயணத்தில் அவருக்கு வீடு என்பது கடிதமாகவே இருந்தது. அவருடைய சகோதரிகள் முறை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மாதமாக எழுதினார்கள். யாருக்குத் திருமணம், யாருக்கு உடல்நலமில்லை, அப்பா என்ன சொன்னார் என்பன போன்ற செய்திகள் கப்பல் மாறிக் கப்பல் ஏறி, மாதங்கள் கழித்து ஏதோ ஒரு தென்னமெரிக்கத் துறைமுகத்தில் அவர் கைக்குக் கிடைத்தன.

அந்தப் பயணத்தின் கிறிஸ்துமஸ்களை அவரே ஓரிடத்தில் எண்ணிப் பார்க்கிறார். 1835-இன் கடைசி வாரத்தில் நியூசிலாந்தின் பாய்ஹியாவில், வழிபாடு பாதி ஆங்கிலத்திலும் பாதி மாவோரி மொழியிலும் நடந்த சிற்றாலயத்தில் பண்டிகை நாளைக் கழித்த பின் எழுதிய வரிகள் அவை. முதலாவது பிளிமத்தில், இரண்டாவது ஹார்ன் முனைக்கு அருகே செயின்ட் மார்ட்டின் குடாவில், மூன்றாவது பட்டகோனியாவின் டிசையர் துறையில், நான்காவது டிரெஸ் மாண்டெஸ் தீபகற்பத்தின் ஆளற்ற துறை ஒன்றில், ஐந்தாவது இங்கே, அடுத்தது கடவுள் அருளால் இங்கிலாந்தில் இருக்கும் என்று நம்புகிறேன் என்கிறார். அறிவியல் குறிப்புகள் நிறைந்த பக்கங்களுக்கு நடுவே இந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம், ஊரை விட்டுத் தொலைவில் வேலை பார்ப்பவர்கள் பொங்கலையும் தீபாவளியையும் இப்படித்தான் விரல் விட்டு எண்ணுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அவர் நம்பியபடியே 1836 அக்டோபர் 2-ஆம் நாள் கப்பல் ஃபால்மத்தில் கரை சேர்ந்தது.

இரண்டாவது டிசம்பர் 27, 1839-இல் வந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் தம் மாமன் மகள் எம்மா வெட்ஜ்வுட்டை மணந்து, லண்டன் மேல் கோவர் தெருவில் குடியிருந்த டார்வினுக்கு அன்று முதல் குழந்தை வில்லியம் பிறந்தான். அவர் செய்த காரியம் என்னை ஒவ்வொரு முறையும் நெகிழச் செய்கிறது. குழந்தை பிறந்த முதல் வாரத்திலிருந்தே அதன் தும்மல், விக்கல், கொட்டாவி, சோம்பல் முறிப்பு, பால் குடித்தல், வீறிட்டழுதல் ஆகியவற்றைக் கவனித்துக் குறித்துக்கொண்டார். ஏழாம் நாள் ஒரு துண்டுக் காகிதத்தால் குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டார். அது வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டு விரல்களை மடக்கியது என்று எழுதினார். ஊர் முழுவதும் புத்தாண்டு கொண்டாடி ஓய்ந்த நாள்களில், ஒரு தகப்பன் காகிதத் துண்டும் கையுமாகத் தொட்டிலருகே குனிந்து நிற்கிறார். அந்தக் குறிப்பேட்டில் எம்மாவின் கையெழுத்தும் இடையிடையே வருகிறது. இந்தக் குறிப்புகள் 37 ஆண்டுகள் கழித்து, 1877-இல், 'மைண்ட்' என்ற இதழில் ஒரு குழந்தையின் வாழ்க்கைக் குறிப்பாக வெளிவந்தன. குழந்தை உளவியலின் தொடக்க கால எழுத்துகளில் அதற்கு இன்றும் இடம் உண்டு.

வில்லியம் பிறந்து இரண்டு வாரத்தில், 1840 ஜனவரி 10 அன்று, பிரிட்டனில் ஒரு பென்னி அஞ்சல் முறை நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில வாரம் முன்புவரை தூரத்துக்கும் தாள்களின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கட்டணம் கூடிக்கொண்டே போகும், பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவரே அதைச் செலுத்த வேண்டியிருக்கும். இப்போது அரை அவுன்ஸ் எடையுள்ள கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் முன்பணமாக ஒரே ஒரு பென்னியில் போயிற்று. இந்த மாற்றம் இல்லாவிட்டால் நாம் அறிந்த டார்வின் உருவாகியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே. 1842 செப்டம்பரில் கென்ட் மாவட்டத்தில் டவுன் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தவர், நாற்பது ஆண்டுகள், இறக்கும்வரை, அந்த வீட்டிலேயே இருந்தார். உடல்நலக் குறைவால் கூட்டங்களுக்கும் விருந்துகளுக்கும் போவதை அவர் பெரும்பாலும் தவிர்த்தார். புறா வளர்ப்போர், தோட்டக்காரர், பாதிரிமார், கப்பல் அதிகாரிகள், கல்கத்தாவில் ஆசியக் கழக அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்வர்ட் பிளைத், இலங்கையில் பேராதனைத் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த த்வெய்ட்ஸ் என்று உலகமே அஞ்சல் பை வழியாக அந்த வீட்டுக்குள் வந்தது.

அந்த வீட்டின் அன்றாடத்தை மகன் ஃபிரான்சிஸ் விரிவாக எழுதியிருக்கிறார். காலை எட்டு மணி முதல் ஒன்பதரை வரை டார்வின் தம் அறையில் வேலை செய்வார். பிறகு கூடத்துக்கு வந்து கடிதங்களைப் பார்ப்பார். குடும்பக் கடிதங்களைச் சோபாவில் படுத்தபடி, பிறர் வாசிக்கக் கேட்பார். பத்தரைக்கு மீண்டும் வேலை, நண்பகலில் மணல் பாதையில் நடை. மதிய உணவுக்குப் பின் நாளிதழைப் பார்த்துவிட்டு, கணப்பருகே ஒரு பெரிய நாற்காலியில் அமர்ந்து, அதன் இரு கைகளின் மேல் பலகையைக் குறுக்கே வைத்துப் பதில்கள் எழுதுவார். நீண்ட பதிலானால் பழைய கையெழுத்துப் படியின் பின்பக்கத்தில் முதலில் கிறுக்கி, பிறகு அதைப் பார்த்துச் சொல்லச் சொல்லப் பிறரை எழுதவைப்பார். அறிவற்ற கேள்விகள் கேட்டு எழுதியவர்களுக்கும் பதில் போட்டுவிடுவார். போடாமல் விட்டால் பிறகு மனம் உறுத்துகிறது என்பாராம்.

பிள்ளைகளுக்கும் அந்த அறையின் கதவு முற்றாக அடைபட்டிருக்கவில்லை. நான்கு வயதுப் பையன் ஒருவன், வேலை நேரத்தில் வெளியே வந்து விளையாடினால் ஆறு பென்ஸ் தருவதாக அப்பாவிடம் பேரம் பேசியிருக்கிறான். உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலின் கையெழுத்துத் தாள்கள் பெரும்பாலும் அழிந்துபோயின. எஞ்சியவற்றுள் பல, பிள்ளைகள் பின்பக்கத்தில் படம் வரைந்து வைத்துக்கொண்டதால் தப்பிப் பிழைத்தவை. காய்களும் பழங்களும் குதிரைவீரர்களாகப் போரிடும் வண்ணப்படம் ஒன்று அவற்றில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஆனால் வந்த கடிதங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் அவற்றைக் கூர்ங்கம்பிகளில் குத்தி வைப்பார். நம் வீடுகளில் வளைத்த கம்பியில் கடிதங்களைக் குத்தி ஆணியில் மாட்டிவைத்தார்களே, ஏறக்குறைய அதே ஏற்பாடு. கம்பிகள் நிறைந்துவிட்டால், பல ஆண்டுக் கடிதங்களை மொத்தமாக எரித்துவிட்டுக் கம்பியை விடுவித்துக்கொள்வார். இதனால் 1862-க்கு முன் அவருக்கு வந்தவற்றில் பெரும்பகுதி இல்லாமல் போயிற்று. என் தந்தை இறந்த பின் அவர் கம்பியில் சேர்த்திருந்த பொங்கல் வாழ்த்துகளையும் இன்லண்ட் கடிதங்களையும் பழைய தாள்களோடு தாளாக எடைக்குப் போட்டவன் நான். ஆகையால் ஃபிரான்சிஸ் இதை எழுதியிருக்கும் இடத்தை என்னால் வேகமாகக் கடந்துபோக முடிவதில்லை.

1857-இன் பண்டிகைக் காலத்துக்கு வருகிறேன். முந்தைய ஆண்டு டிசம்பர் 6 அன்று, எம்மாவின் 48-ஆம் வயதில், பத்தாவதும் கடைசியுமான குழந்தை சார்லஸ் வேரிங் பிறந்திருந்தான். அவனுக்கு ஒரு வயது நிறைந்து இரண்டு வாரம் ஆனபோது, டிசம்பர் 22 அன்று, மலாய்த் தீவுகளில் உயிரினங்களைச் சேகரித்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸுக்கு டார்வின் ஒரு கடிதம் எழுதினார். வாலஸ் செப்டம்பர் 27 அன்று எழுதிய கடிதத்துக்குப் பதில் அது. மனிதனைப் பற்றியும் எழுதுவீர்களா என்ற கேள்விக்கு, முன்முடிவுகள் சூழ்ந்த பொருள் என்பதால் அதை முழுவதும் தவிர்த்துவிடப் போகிறேன் என்றார். இருபது ஆண்டுகளாக உழைத்துவரும் நூலில் பாதியளவு எழுதியாயிற்று, இன்னும் ஓரிரண்டு ஆண்டுக்கு வெளியிடும் எண்ணமில்லை என்றும் சொன்னார். அவசரமே இல்லாத, அன்பான கடிதம். அடுத்த ஆண்டு ஜூன் 18 அன்று வாலஸின் கடிதமும் கட்டுரையும் டவுன் வந்து சேர்ந்தன. தாம் இருபது ஆண்டுகள் சுமந்த இயற்கைத் தேர்வு என்ற கருத்தை இன்னொருவர் கையெழுத்தில் டார்வின் வாசித்தார். பத்து நாள் கழித்து, ஜூன் 28 அன்று, குழந்தை சார்லஸ் செம்புள்ளிக் காய்ச்சலில் இறந்தான். ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் கழகத்தில் இருவருடைய எழுத்துகளும் சேர்த்து வாசிக்கப்பட்டபோது டார்வின் அங்கே இல்லை. வாலஸ் அனுப்பிய அந்த மூலக் கடிதமும் இன்று இல்லை.

மூன்றாவது டிசம்பர் 27, 1859-இல். உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் நவம்பர் 24 அன்று 1,250 படிகளாக வெளிவந்திருந்தது. யார்க்‌ஷயரில் இல்க்லி என்ற ஊரில் நீர்ச் சிகிச்சைக்காகத் தங்கியிருந்தவர் டிசம்பர் முற்பகுதியில் வீடு திரும்பினார். இரண்டாம் பதிப்பு ஜனவரி 7 அன்று வரவிருந்ததால் திருத்தங்கள் ஒருபுறம், பாராட்டும் கண்டனமுமாக வந்து குவிந்த கடிதங்கள் ஒருபுறம். கிறிஸ்துமஸ் நாளன்றுகூட அவர் தம் நண்பரும் உயிரியலாளருமான தாமஸ் ஹக்ஸ்லிக்கு எழுதியிருக்கிறார். உயிர்கள் யாவும் ஏதோ ஒரு தொல்வடிவத்திலிருந்து வந்திருக்கலாம் என்று நான் எழுதியதைப் பலர் தாக்கினார்கள், உங்கள் குறிப்பு மகிழ்ச்சியளித்தது என்பது அதன் பொருள். மறுநாள் 'டைம்ஸ்' நாளிதழில் பெயரில்லாமல் ஒரு நீண்ட மதிப்புரை வெளிவந்தது. நாளிதழின் வழக்கமான மதிப்புரையாளருக்கு அறிவியல் தெரியாததால் அந்த வேலை ஹக்ஸ்லியிடம் போய்ச் சேர்ந்தது. தொடக்கப் பத்திகளை மட்டும் அவர் எழுதிச் சேர்க்க, மற்றது முழுவதும் ஹக்ஸ்லியுடையது.

ஒரு நாள் பழைய அந்த நாளிதழை டார்வின் 27-ஆம் நாள் மாலையில்தான் வாசித்தார். அன்று வில்லியமுக்கு 20 வயது நிறைந்தது. தந்தை பயின்ற கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட்ஸ் கல்லூரியிலேயே அவனும் அப்போது மாணவன். மறுநாள் டார்வின் ஹக்ஸ்லிக்கே எழுதினார். நேற்று மாலை ஒரு அருமையான மதிப்புரையைக் கண்டு வியந்துபோனேன், யார் எழுதியிருப்பார்கள் என்று அறியத் துடிக்கிறேன், இங்கிலாந்தில் இதை எழுதக்கூடியவர் நீங்கள் ஒருவரே என்று சொல்லியிருப்பேன், ஆனால் அந்தப் பெருந்தெய்வமான நாளிதழை மூன்றரை நெடும்பத்தி (காலம்) தூய அறிவியலுக்கு ஒதுக்கவைக்க உங்களால் எப்படி முடியும் என்று கேட்டார். 51 வயதை நெருங்கிக்கொண்டிருந்த, வயிற்று நோயால் அலைக்கழிக்கப்பட்ட ஒரு மனிதரின் கடிதத்தில் பள்ளிச் சிறுவனின் குதூகலம் இருக்கிறது.

அதே குதூகலம் பல ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு புத்தாண்டுக் காலக் கடிதத்திலும் தலைகாட்டுகிறது. டார்வினும் எம்மாவும் இரவு உணவுக்குப் பின் நாள் தவறாமல் இரண்டு ஆட்டம் பேக்கேமன் ஆடுவார்கள். நம் தாயம்போல் பகடை உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டம் அது. யார் எத்தனை முறை வென்றார் என்பதை, கொடிகளின் சுழற்சியையும் விதைகளின் முளைப்பையும் குறித்த அதே கவனத்தோடு அவர் குறித்துவந்தார். 1876 ஜனவரி 28 அன்று அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், எம்மா பாவம், 2,490 ஆட்டங்களே வென்றிருக்கிறாள், நானோ 2,795 என்று துள்ளுகிறார். அந்தக் கடிதம் கப்பலேறி அட்லாண்டிக்கைக் கடந்து ஹார்வர்டுக்குப் போய்ச் சேர்வதற்குள், இரவுக்கு இரண்டு ஆட்டமாக, இரண்டு எண்களும் பழையனவாகியிருக்கும்.