பழைய சிஸ்டத்தை அணைப்பதற்கு முன்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 இரண்டுக்கும் அதே நாள்தான் கெடு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும் என்பதால், ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த கணினிகளைக்கூட மாற்ற வேண்டிய நிலை ஆடிட்டர் ஆபீஸ்களுக்கும் மொத்த வியாபாரக் கடைகளுக்கும் வந்துவிட்டது. புது சிஸ்டத்தை ஒரே நாளில் வாங்கிவிடலாம். ஃபைல்களை ஒரு மதியத்தில் நகலெடுத்துவிடலாம். காசு கொடுத்து வாங்கிய மென்பொருளை அங்கிருந்து இங்கே கொண்டுவரும்போதுதான் வேலை நின்றுபோகிறது.

மென்பொருள் வேறு, அதை ஓட்டும் உரிமை வேறு. மென்பொருளை யாரும் டவுன்லோட் செய்துகொள்ளலாம். உரிமையோ நிறுவனத்தின் சர்வரில், ஏதோ ஒரு மெயில் ஐடியின் பெயரில், குறிப்பிட்ட ஒரு மதர்போர்டோடு சேர்த்துப் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் எதுவும் நடப்பதில்லை. ஹார்ட் டிஸ்க்கை மொத்தமாக குளோன் செய்து புது கணினியில் மாட்டினால் எல்லாம் திறக்கும். ஆனால் மதர்போர்டு வேறு என்று தெரிந்ததும் ஆக்டிவேஷன் கேட்கத் தொடங்கும். எனவே முதல் கேள்வி, உரிமை எந்த மெயில் ஐடியில் இருக்கிறது என்பது. அதற்கு விடை தெரியாமல் பழைய கணினியின் மீது கை வைக்கக் கூடாது. ஃபார்மேட் செய்வதைப் பற்றிப் பேசவே கூடாது.

டாலியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் சிறு நிறுவனங்களின் கணக்கு பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. டாலியில் முறை தெளிவானது: பழைய கணினியில் லைசென்ஸை சரண்டர் செய்ய, அதாவது திருப்பி ஒப்படைக்க வேண்டும், புதியதில் மறுபடி ஆக்டிவேட் செய்ய வேண்டும். புதிய பதிப்பான டாலிபிரைமில் எஃப்1 அழுத்தி, செட்டிங்ஸ், அதற்குள் லைசென்ஸ், அங்கே சரண்டர். இணைய இணைப்பு கட்டாயம். நிர்வாகியாகப் பதிவான மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் வேண்டும். ஆக்டிவேஷனுக்கான அன்லாக் கீ அனுப்பப்படுவதும் அந்த மெயிலுக்குத்தான். பத்து நிமிட வேலை நாள் கணக்கில் இழுப்பது இந்த இடத்தில்தான். சீரியல் நம்பர் பில்லில் இருக்கும், பத்திரமாக ஃபைலிலும் இருக்கும். மெயில் ஐடியோ வேலையை விட்டுப் போன அக்கவுண்டன்ட்டுடையதாக இருக்கும், இல்லையென்றால் முதலில் நிறுவிக்கொடுத்த ஆள் தன் வசதிக்குப் போட்டதாக இருக்கும். இதைத் திருத்த விற்பனையாளரிடம் போய், நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் எழுதிக்கொடுத்து, காத்திருக்க வேண்டியதாகிவிடும். ஜிஎஸ்டி தாக்கல் செய்ய இரண்டு நாள் இருக்கும்போது இந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம். மெயில் ஐடியை உரிமையாளர் பெயரிலோ நிறுவனத்தின் பொது ஐடியிலோ மாற்றிவைப்பதைக் கணினி மாற்றும் எண்ணம் வருவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

சரண்டர் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பது உடனே தெரிவதில்லை. புது கணினியில் டாலி திறக்கும், கம்பெனியைக் காட்டும், பழைய பதிவுகள் எல்லாம் தெரியும். மாதத்தின் 1 அல்லது 2-ஆம் தேதியாக இருந்தால் வவுச்சர்கூடப் போடலாம். 3-ஆம் தேதிக்கு பில் போடும்போது தேதியை ஏற்க மறுக்கும். திரையில் ‘எஜுகேஷனல்’ என்ற சொல் ஏற்கெனவே இருந்திருக்கும், அதுவரை யார் கண்ணிலும் பட்டிருக்காது. கல்விப் பயன்பாட்டு நிலையில் 1, 2, 31 ஆகிய தேதிகளுக்கு மட்டுமே பதிவு செய்ய முடியும். ‘டேட்டா கெட்டுவிட்டது’ என்று பதறி, பேக்கப்பைத் திரும்பத் திரும்ப ரீஸ்டோர் செய்து பார்ப்பவர்கள் உண்டு. டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, லைசென்ஸ்தான் வந்து சேரவில்லை.

பலர் சேர்ந்து பயன்படுத்தும் கோல்டு லைசென்ஸ் என்றால் இன்னும் கவனம் தேவை. ஒரு கணினியில் லைசென்ஸ் இருக்கும். மற்றவை நெட்வொர்க் வழியாக அதனிடம் கேட்டு வாங்கும். அந்தக் கணினியின் பெயரும் 9999 என்ற போர்ட் எண்ணும் ஒவ்வொரு கிளையன்டிலும் பதிவாகியிருக்கும். புதிய சர்வருக்குத் தயாரிப்பாளர் வைத்த நீண்ட பெயரை அப்படியே விட்டால், மறுநாள் காலை எல்லா மேசையிலும் எஜுகேஷனல்தான். பழைய கணினியின் பெயரை மாற்றிவிட்டு அதே பெயரைப் புதியதற்கு வைப்பது, ஃபயர்வாலில் அந்த போர்ட்டைத் திறப்பது, டேட்டா ஃபோல்டரைப் பழைய ஷேர் பெயரிலேயே பகிர்வது, இந்த மூன்றும் முடிந்தால் மற்ற கணினிகளில் ஒன்றையும் தொட வேண்டியதில்லை.

டேட்டா எங்கே இருக்கிறது என்பதை டாலியிடமே கேட்பது நல்லது. கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் அதன் பாதை தெரியும். டாலிபிரைம் வழக்கமாக சி டிரைவில் யூசர்ஸ், பப்ளிக், டாலிபிரைம், டேட்டா என்று வைக்கும். அதற்கு முந்தைய பதிப்பான ஈஆர்பி 9 தன் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். உள்ளே 10000, 10001 என்பது போன்ற எண் ஃபோல்டர்கள். ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. பேக்கப் எடுப்பதோடு அந்த ஃபோல்டர்களையும் முழுதாக நகலெடுத்துக்கொள்ளுங்கள். புதியதில் எந்த ரிலீஸ் நிறுவுகிறோம் என்பதும் முக்கியம். மேல் ரிலீஸில் திறந்து மாற்றப்பட்ட டேட்டாவைக் கீழ் ரிலீஸில் திறக்க முடியாது. முதல் நாள் பழையதும் புதியதும் ஒரே ரிலீஸாக இருக்கட்டும். மேம்படுத்துவதை ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம். பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், திருத்தங்களின் தடத்தை அழிக்க முடியாதபடி பதிவு செய்யும் மென்பொருளில்தான் கணக்கு வைக்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்ட விதி. பழையதில் அந்தத் தடத்தைப் பதியும் டாலியின் எடிட் லாக் பதிப்பு ஓடியிருந்தால் புதியதிலும் அதையே நிறுவ வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் ஆபீஸில் சரண்டர் என்று ஒரு பட்டன் இல்லை. அங்கே எல்லாம் லைசென்ஸின் வகையைப் பொறுத்தது. கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் ஆபீஸ் அந்தக் கணினியோடு முடிந்தது. மாற்றும் உரிமையே கிடையாது. பெட்டியாகவோ கீ அட்டையாகவோ தனியே வாங்கிய ரீடெயில் ஆபீஸை மாற்றலாம். 90 நாளுக்கு ஒரு முறைதான் என்று ஒப்பந்தம் சொல்கிறது, கணினி பழுதானால் அந்தக் கணக்கு இல்லை. இந்த உரிமைகூட எளிதில் வந்ததல்ல. 2013-இல் ஆபீஸ் 2013 வெளியானபோது ரீடெயில் பெட்டியையும் முதல் கணினியோடு கட்டிப்போட்டார்கள். எதிர்ப்பு எழுந்ததும் அதே ஆண்டு மார்ச்சில் விதியை மாற்றினார்கள். சந்தாவாக வரும் மைக்ரோசாஃப்ட் 365-இல் கவலை குறைவு. ஒருவர் ஒரே நேரத்தில் ஐந்து கணினிகள்வரை சைன் இன் செய்திருக்கலாம். பழையதில் சைன் அவுட், புதியதில் சைன் இன், அவ்வளவுதான்.

எந்த வகை என்று பில்லைப் பார்த்து முடிவு செய்வதைவிடக் கணினியிடமே கேட்பது நிச்சயமானது. ஆபீஸ் நிறுவப்பட்ட ஃபோல்டருக்குள் ‘ஆபீஸ்16’ என்ற உள்ஃபோல்டரில் ஓஎஸ்பிபி (ospp.vbs) என்ற சிறு ஸ்கிரிப்ட் இருக்கிறது. நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, சிஸ்கிரிப்ட் மூலம் அதை ‘டிஸ்டேட்டஸ்’ (/dstatus) என்ற சொல்லோடு ஓட்டினால், லைசென்ஸின் பெயரிலும் விவரத்திலும் ரீடெயில், ஓஇஎம், நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டு மொத்தமாக வாங்கும் வால்யூம் இவற்றில் எது என்று தெரியும். கூடவே கீயின் கடைசி ஐந்து எழுத்துகளும் வரும். ஆபீஸ் 2013 முதல் கணினியில் சேமிக்கப்படுவது அந்த ஐந்து எழுத்துகள் மட்டுமே. முழுக் கீயையும் மீட்டுத் தருவதாகச் சொல்லும் கருவிகளால் இதற்கு மேல் எதையும் எடுக்க முடியாது. அந்த ஐந்து எழுத்தை வைத்து, அலுவலகத்தில் உள்ள பில்களில் எது எந்தக் கணினிக்கு உரியது என்று பொருத்திப் பார்க்கலாம். ஒரே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நான்கைந்து ரீடெயில் லைசென்ஸ் சேர்த்து வைத்திருக்கும் இடங்களில் இது இல்லாமல் வேலை நடக்காது. கணக்குப் பக்கத்தில் அவை எல்லாம் ஒரே பெயரில் வரிசையாக நிற்கும், எந்தக் கணினி என்று அது சொல்லாது.

வால்யூம் என்று காட்டி, அலுவலகத்துக்கு அப்படி ஒரு ஒப்பந்தமே கிடையாது என்றால், யாரோ மலிவுக் கீ விற்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் கிடைக்கும் கீகள் பலவும் வேறு நிறுவனத்தின் ஒப்பந்தத்திலிருந்து கசிந்தவை. என்றைக்கு முடக்கப்படும் என்று சொல்ல முடியாது. அதைப் புதியதற்குக் கொண்டுபோக முயல வேண்டாம். முறையாக ஒன்று வாங்குங்கள்.

புது லேப்டாப்பில் ஆபீஸ் ஏற்கெனவே இருக்கும். அது 365-இன் சோதனைப் பதிப்பாக இருந்து, அதன் மேலேயே பழைய 2019-ஐ நிறுவினால் வேர்டு திறந்ததும் சந்தா கேட்கும். முதலில் ஆப்ஸ் பட்டியலில் இருந்து அதை நீக்க வேண்டும். பிரெஞ்சு, ஸ்பானிஷ் என்று ஒவ்வொரு மொழிக்கும் தனி உருப்படியாகப் போட்டு அனுப்புகிறார்கள். அத்தனையையும் நீக்க வேண்டும். ஆயுள் முழுவதற்குமான ஆபீஸ் சேர்ந்து வந்திருந்தால், முதலில் யாருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஆக்டிவேட் செய்கிறோமோ அவருக்கே அது சொந்தம். நிறுவ வந்தவர் அவசரத்தில் தன் ஐடியைப் போட்டுவிட்டால், விண்டோஸை மறுபடி ஏற்றும் நாளில் அவரைத் தேடிப் போக வேண்டும். அந்தத் திரை வரும்போது உரிமையாளர் பக்கத்தில் உட்கார்ந்து தன் ஐடியைத் தானே தட்டச்சு செய்யட்டும்.

32 பிட்டா 64 பிட்டா என்பதையும் நிறுவும் முன் பார்த்துவிட வேண்டும். ஆபீஸ் 2019 முதல் நிறுவி தானாகத் தேர்வது 64 பிட். பழைய எக்ஸெல் ஷீட்டில் யாரோ எழுதிவைத்த மேக்ரோ விண்டோஸின் உள் செயல்களை நேரடியாக அழைத்தால், 64 பிட்டில் அது திறந்ததுமே பிழை காட்டும். வங்கிகளும் துறைகளும் தந்த ஆட்-இன்களில் சில 32 பிட்டில் மட்டுமே ஓடும். இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ள முடியாது. பழையதில் 32 பிட் என்றால் புதியதிலும் அதையே போடுவது பாதுகாப்பு.

அவுட்லுக்கில் மெயில்கள் சேமிக்கப்படும் பிஎஸ்டி ஃபைலை நகலெடுக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். தெரியாமல் கெடுவது, மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் கணக்கு. புதியதில் கணக்கைச் சேர்த்த பிறகும் பழைய கணினி ஓரமாக ஓடிக்கொண்டிருந்தால், அதுவும் மெயிலை இறக்கும். சர்வரில் நகல் வைக்கும் அமைப்பு அதில் இல்லையென்றால் இறக்கியதும் சர்வரிலிருந்து அழித்துவிடும். வாடிக்கையாளரின் பாதி மெயில் பழைய கணினியிலேயே தங்கிவிடும். புதியதைத் திறக்கும் முன் பழைய அவுட்லுக்கை மூடி, நெட்வொர்க் கேபிளையும் கழற்றுங்கள். பிஎஸ்டியை டாக்குமென்ட்ஸில் வைக்க வேண்டாம். விண்டோஸ் 11 அதை மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவுக்குத் திருப்பிவிடப் பார்க்கும், அங்கே இலவச இடம் 5 ஜிபிதான், பிஎஸ்டி அதில் ஒத்திசைவதும் நல்லதல்ல. டி டிரைவில் தனி ஃபோல்டர் போதும். ‘டூ’ கட்டத்தில் இரண்டு எழுத்து அடித்ததும் வரும் முகவரிகள் பிஎஸ்டியில் இல்லை. அவை யூசர் ஃபோல்டரின் ஆப்டேட்டாவுக்குள் ரோம்கேஷ் என்ற இடத்தில் ‘ஸ்ட்ரீம் ஆட்டோகம்ப்ளீட்’ என்று தொடங்கும் ஃபைலில் இருக்கின்றன. புதியதில் ஒரு மெயில் அனுப்பினால் அதே போன்ற ஃபைல் அங்கேயும் உருவாகும். அவுட்லுக்கை மூடிவிட்டு, புதிய ஃபைலின் பெயரைப் பழையதற்கு வைத்து அதன் இடத்தில் போட வேண்டும். பல ஆண்டு முகவரிகளும் திரும்ப வந்துவிடும்.

தமிழில் கடிதம் எழுதும் அலுவலகங்களுக்கு எழுத்துருவும் ஆபீஸின் ஒரு பகுதிதான். பாமினியிலோ வானவில்லிலோ அடித்த பழைய ஃபைல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். வானவில், ஸ்ரீலிபி போன்றவற்றுக்குத் தனி லைசென்ஸ் உண்டு. அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். யூனிகோடில் அடித்தவர்களுக்கும் ஒரு குறுக்கீடு வரும். லதா எழுத்துரு இப்போது விண்டோஸோடு தானாக வருவதில்லை. ஃபைல் திறக்கும், தமிழும் தெரியும். ஆனால் வேறு எழுத்துருவில். வரி உயரம் மாறும், ஒரு பக்கக் கடிதம் இரண்டாம் பக்கத்துக்குப் போகும், முத்திரைத்தாளுக்கு அளந்து வைத்த பத்திரத்தின் இடம் பிசகும். செட்டிங்ஸில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதிக்குப் போய் தமிழ் துணை எழுத்துருக்களைச் சேர்த்தால் லதாவும் விஜயாவும் வந்துவிடும். அமைப்பு பழையபடி உட்காரும்.

டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கு லைசென்ஸ் மாற்றம் எதுவும் இல்லை. சான்றிதழ் டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது. அதன் டிரைவரையும், ஜிஎஸ்டி தளத்தில் கையொப்பமிட எம்சைனர் என்ற மென்பொருளையும் நிறுவினால் போதும். பின் எண்ணை மட்டும் ஊகித்து அடிக்க வேண்டாம், சில தவறுகளில் டோக்கன் பூட்டிக்கொள்ளும்.

பழைய கணினி சரண்டர் செய்யும் முன்பே செத்துவிட்டால், அதிலுள்ள டாலி லைசென்ஸை நிர்வாகி ஐடி மூலமாகவோ விற்பனையாளர் மூலமாகவோதான் விடுவிக்க முடியும். உயிரோடு இருந்தால், எல்லாம் முடிந்த பிறகும் அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட அவசரப்பட வேண்டாம். ஒரு மாத முடிவும் ஒரு ஜிஎஸ்டி தாக்கலும் புதியதில் நடந்து முடியட்டும். அதன் பிறகும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி, பீரோவில் வையுங்கள். கழற்றும் முன், டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பார்த்து, போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணையும் எழுதிக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் வேறு கணினியில் அந்த டிஸ்க்கைத் திறக்க முடியாது. டப்பாவை மட்டும் எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாம்.