ஐந்து மணிக்கு வாங்க

"எத்தனை மணிக்கு?" என்று அவர் கேட்டார். "ஐந்து மணிக்கு வாங்க" என்று சொன்னேன். முன்னும் பின்னும் சேர்த்தால் மொத்தப் பேச்சும் நான்கு நிமிடம் இருக்கும்.

போன மாதம் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் தன் மகளை போனில் என்னிடம் பேச வைத்தார். படிப்பு முடித்துவிட்டாள், காத்மாண்டுவில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் மூன்று மாதம் தொண்டு வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். "நீங்க போயிருக்கீங்களே அக்கா, எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். நல்லதாகவும் கெட்டதாகவும் சொல்ல எவ்வளவோ இருந்தும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பௌர்ணமி மதியம்தான். அவளிடம் எதையோ சொல்லி வைத்தேன். சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

2013 அக்டோபர். ஒடிசாவைத் தாக்கிய ஃபைலின் புயலின் மழை காத்மாண்டு வரை வந்து ஓய்ந்திருந்தது. நம் நவராத்திரி நாட்களில் வரும் நேபாளத்தின் பெரிய பண்டிகையான தசைன் முடிகிற நேரம். விஜயதசமி அன்று பெரியவர்கள் சின்னவர்களின் நெற்றியில் தயிரும் குங்குமமும் அரிசியும் குழைத்த டீகா வைத்து, காதில் ஜமரா செருகி ஆசீர்வாதம் செய்வார்கள். ஜமரா நம் ஊர் முளைப்பாரி மாதிரிதான். இருட்டறையில் முளைக்க வைத்த பார்லி, வெளிறிய மஞ்சள் நிறத்தில் இருக்கும். பௌர்ணமி வரைக்கும் டீகா வாங்கிக்கொள்ளலாம். அன்றைக்குப் பௌர்ணமி.

ஒருவர் இல்லத்தின் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். "மேரோ சோரோ" என்றார். என் மகன். எங்கள் இல்லத்துப் பையன் ஒருவனின் பெயரைச் சரியாகச் சொன்னார். மேற்கே மலை மாவட்டமான ஜும்லா பக்கத்து ஊர் ஒன்றையும் சொன்னார். அவன் கோப்பில் இருந்ததும் அதே ஊர். எனக்குத் தெரிந்த நேபாளி, சமையல்கட்டைத் தாண்டாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே இந்திக்கு மாறினார். ஜும்லா இருக்கும் கர்ணாலிப் பக்கத்து ஆண்கள் இமாச்சலுக்கு ஆப்பிள் தோட்டக் கூலி வேலைக்குப் போய்க் கற்றுக்கொண்டு வருகிற இந்தி. என் இந்தி அதைவிட மோசம்.

நான் கேட்டில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினேன். வார்டனின் அனுமதி இல்லாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று நேபாளியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. வார்டன் டீகா வாங்கப் பெரியவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார், சாயந்திரம் வருவார் என்றேன். எத்தனை மணிக்கு என்றார். ஐந்து என்றேன். அப்புறம், "சாப்பிட்டானா?" என்று கேட்டார். சாப்பிட்டான் என்றேன்.

அந்த நேரம் பிள்ளைகள் எல்லோரும் மொட்டைமாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். தசைன் என்றால் காத்மாண்டு முழுக்கப் பட்டம்தான். யாருடைய நூலாவது அறுந்தால் "ச்செட்! ச்செட்!" என்று மாடிக்கு மாடி கத்துவார்கள். அவன் குரலும் அதில் இருந்தது. அது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும், ஒரு தடவை தலையைத் தூக்கி மேலே பார்த்தார். பிறகு துணிப்பையைக் கம்பி வழியாக நீட்டினார். உள்ளே அக்ரூட், செய்தித்தாளில் மடித்த ஜமரா ஒரு பிடி. வாங்கிக்கொண்டேன். அவனைக் கீழே கூப்பிடவில்லை.

அந்தப் பலகையை மாட்டச் சொன்னதே நான்தான். அதற்குக் காரணம் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. நான் போய்ச் சேர்ந்த புதிதில் கேட் எப்போதும் திறந்தே கிடக்கும். தமேலில் தங்கியிருக்கிற பயணிகள் டாக்ஸி பிடித்து வருவார்கள். ஒரு பெட்டி பிஸ்கட் கொடுப்பார்கள், பிள்ளைகளை மடியில் வைத்து போட்டோ எடுப்பார்கள், கண் கலங்குவார்கள், போய்விடுவார்கள். இல்லத்தில் நாலு வயதுப் பெண் ஒருத்தி யார் வந்தாலும் ஓடிப்போய்த் தூக்கச் சொல்லிக் கையை நீட்டுவாள். முதல் மாதம் அது எனக்குப் பாசமாகத் தெரிந்தது. இரண்டாவது மாதம்தான் உறைத்தது. தெரியாத ஆளைக் கண்டால் அம்மா முந்தானைக்குப் பின்னால் ஒளிய வேண்டிய வயது அது. ஒரு நாள் வந்த ஒருவர், இரண்டு பெண் பிள்ளைகளைச் சுயம்பு கோயிலுக்குக் கூட்டிப்போய் மாலையில் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். வார்டன் சரியென்று தலையாட்டப் போனார். நான் சண்டை போட்டேன். மறு வாரம் பலகை வந்தது. அங்கே நான் செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான் என்று வீட்டுக்கு போன் செய்து சொன்னேன்.

மற்றபடி நான் செய்ததெல்லாம் யாரும் செய்யக்கூடியதுதான். காலையில் ஐந்தரைக்கு எழுப்புவது, ஒன்பதரைக்குப் பருப்பும் சோறும் பரிமாறுவது, பத்து மணிப் பள்ளிக்கு இருபத்து நான்கு கழுத்துகளுக்கும் டை கட்டுவது, சனிக்கிழமை விடுமுறையில் வெயிலில் உட்கார வைத்துப் பேன் பார்ப்பது. மின்சாரம் பாதி நாள் இருக்காது. பேட்டரி விளக்கைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து வீட்டுப்பாடம். வருகிற ஒவ்வொரு தொண்டரும் அதே தலை, தோள், முட்டி, பாதம் பாட்டைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கற்றுக்கொள்வது போலவே பாடுவார்கள். வந்தவர் மனம் நோகக்கூடாது என்று எட்டு வயதுக்குத் தெரிந்திருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

என் தனிப் பொறுப்பு ஸ்பான்சர் காகிதங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம், ஆங்கிலத்தில். ஊர், வயது, பிடித்த பாடம், என்னவாக ஆசை, பெற்றோர் விவரம். வார்டன் கொடுத்த குறிப்பை நான் திருத்தித் தட்டச்சு செய்வேன். அவன் பக்கத்தில் "மை ஃபாதர் இஸ் டெட்" என்று இருந்ததைக் கொஞ்சம் மென்மையாக இருக்கட்டும் என்று "மை ஃபாதர் இஸ் நோ மோர்" என்று மாற்றியிருந்தேன். அதனால் அந்த மதியம் கேட்டுக்கு வெளியே ஒருவர் வந்து "என் மகன்" என்றபோது, என் கையாலேயே நான் இறந்தவராக்கிய ஆள் அவர். நான் யாரை நம்புவது? எதிரில் நிற்கும் ஆளையா, ஊராட்சி முத்திரை குத்திய காகிதத்தையா?

காகிதத்தை நம்பினேன். நம்பினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. உறவுக்காரன் என்று சொல்லி வந்து பிள்ளையைக் கூட்டிப்போய் வேறு இடத்தில் சேர்த்துக் காசு பார்க்கும் தரகர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். பண்டிகைக் கூட்டம், வார்டன் இல்லை, பொறுப்பு என்னுடையது. திறந்துவிட்டு ஏதாவது ஆகியிருந்தால்? இன்றைக்கு அதே இடத்தில் என்னை நிறுத்தினாலும் கேட்டைத் திறப்பேனா என்று கேட்டால், திறக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கேட்டைத் திறக்காமலேயே அவனைக் கீழே கூப்பிட்டிருக்கலாமே. கம்பிக்கு இந்தப் பக்கம் என் கையைப் பிடித்தபடி அவன் நின்றிருப்பான். கம்பி வழியாக நெற்றிக்கு ஒரு கை எட்டும். பலகையில் அதைத் தடுக்க ஒரு வரிகூட இல்லை.

இது எனக்கு அன்று தோன்றவே இல்லை. ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றியது.

அவர் போனதும் சமையல்கார அக்கா வாசலில் வந்து நின்றார். "மூக்கு அப்படியே அவன் மூக்குதான்" என்றார். முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "நீங்க மிஸ். நீங்க போகச் சொன்ன பிறகு நான் என்ன சொல்றது?" அந்த வீட்டில் எனக்கு அவ்வளவு அதிகாரம் இருந்தது அதுவரை எனக்குத் தெரியாது. சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கிறவளுக்கு என்ன அதிகாரம் என்று நினைத்திருந்தேன்.

நான்கரை மணிக்கு என்னை மருந்துக் கடைக்கு அனுப்பினார்கள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். பண்டிகையில் திறந்திருந்த கடையைத் தேடித் திரும்பும்போது ஆறாகிவிட்டது. வார்டன் வந்திருந்தார். மதியம் வந்தவர் திரும்ப வந்தாரா என்று கேட்டேன். "கைசக்யோ" என்றார். போயாச்சு. வந்துவிட்டுப் போயாச்சா, வராமலே போயாச்சா? திருப்பிக் கேட்டேன். "அது அவனோட சானோ பா. அப்பா இல்லை. பிள்ளை மனசைக் கலைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கணக்கு நோட்டைத் திறந்தார்.

சானோ பா என்றால் சின்ன அப்பா, நம் சித்தப்பா. அதைக் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. அப்பா இல்லை, நல்லவேளை. அந்த நிம்மதி ஒரு ராத்திரிகூட நிற்கவில்லை. சித்தப்பாவாக இருந்தால் மட்டும் என்ன? எங்கள் வீட்டில் அப்பா போன பிறகு எனக்குக் காலேஜ் பீஸ் கட்டியது சித்தப்பாதான். அண்ணன் பிள்ளையை "என் மகன்" என்றுதான் சொல்வார், அவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஆக "மேரோ சோரோ" பொய்யாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கோப்பும் பொய்யாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டும் உண்மையாக இருந்து, நான் செய்தது மட்டும் தப்பாக இருக்கலாம்.

அன்று இரவு அவனிடம் கேட்டேன். ஊரில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று, என் அரைகுறை நேபாளியில். அவன் நேராக உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஆங்கிலத்தில் சொன்னான். "மை ஃபாதர் இஸ் நோ மோர்." நான் திருத்திய அதே வரி. மேற்கொண்டு கேட்க எனக்குத் துணிவில்லை.

டிசம்பரில் திரும்பி வந்துவிட்டேன். வந்த பிறகுதான் கர்ணாலியைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். 1996 முதல் 2006 வரை நடந்த மாவோயிஸ்ட் போர்க் காலத்தில், ஹும்லா, ஜும்லா மாதிரி மலை மாவட்டங்களில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம், பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று தரகர்கள் பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டு தலைநகருக்குக் கூட்டி வந்தார்கள். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே இறந்துவிட்டதாகக் காகிதம் தயாரித்தார்கள். அன்றைய 75 மாவட்டங்களில், இல்லங்களில் மிகப் பெரும்பாலானவை காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், பொகரா இருக்கும் காஸ்கி, சித்வன் ஆகிய ஐந்தில்தான் இருந்தன. வெளிநாட்டுப் பயணிகள் வருகிற இடங்கள். போர் முடிந்த பின்னும் அது நிற்கவில்லை. 2015 ஏப்ரல் பூகம்பத்துக்குப் பிறகு, உரிய காகிதம் இல்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோக அரசு தடை போட வேண்டியிருந்தது. 2018இல் வந்த குழந்தைகள் சட்டம், குடும்பமும் உறவும் முதலில், இல்லம் கடைசியில் என்கிறது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம் ஒன்று, என்னைப் போன்ற தொண்டர்கள் இல்லங்களுக்குப் போவதால் வரும் தீங்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது.

இதையெல்லாம் படித்தபோது முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று. ஆனால் நான் இருந்த இல்லம் அப்படிப்பட்டதுதான் என்று என்னால் சொல்ல முடியாது. வார்டன் பிள்ளைகளை ஒரு நாளும் அடித்ததில்லை. காய்ச்சல் வந்தால் விடிய விடிய விழித்திருப்பார். சோறு குறைந்தால் தன் தட்டிலிருந்து போடுவார். அவர் பொய் சொன்னார் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. பொய் சொல்லவில்லை என்று சத்தியம் செய்யவும் முடியவில்லை. நான் ஊர் திரும்பிய சில வருடங்களில் அந்த இல்லம் மூடப்பட்டது என்று கேள்விப்பட்டேன். பிள்ளைகளில் சிலர் ஊருக்குத் திரும்பினார்களாம். அவனும் அதில் இருந்தானா என்று விசாரித்தேன், பதில் வரவில்லை.

பக்கத்து இருக்கைக்காரரின் மகளிடம் போனில் முதலில் "போகாதே" என்றேன். காரணம் கேட்டாள், இதில் பாதியைச் சொன்னேன். "அப்போ நீங்க போனது தப்புன்னு நினைக்கிறீங்களா?" என்றாள். இல்லை என்று உடனே வந்துவிட்டது வாயில். அந்தப் பலகை இல்லாவிட்டால் அந்த இரண்டு பெண் பிள்ளைகள் என்ன ஆகியிருப்பார்கள்? நான் போகாவிட்டால் பலகை இல்லை. பலகை இல்லாவிட்டால் அவர் உள்ளே வந்திருப்பார். இதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. குடும்பங்களோடு சேர்த்து வைக்கிற வேலை செய்யும் அமைப்பாகப் பார், பிள்ளைகளோடு பழகாத அலுவலக வேலையாகக் கேள் என்று சொன்னேன். சரி அக்கா என்றாள், சுரத்தே இல்லாமல்.

ஜமராவை அவனிடம் கொடுக்கவில்லை. பிள்ளை மனசைக் கலைக்க வேண்டாம் என்ற பேச்சுக்குக் கட்டுப்பட்டு, அந்தச் செய்தித்தாள் மடிப்போடு அவன் கோப்பில் வைத்தேன். என்றைக்காவது அவனே கோப்பைத் திறந்து பார்ப்பான் என்று அப்போது ஒரு நினைப்பு.

அக்ரூட்டை வார்டன் பொதுவில் பங்கிட்டார். யாருக்கு என்ன வந்தாலும் எல்லோருக்கும் சமமாக, அது அந்த வீட்டின் நல்ல பழக்கம்தான். தலைக்கு மூன்று வந்தது. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவன் படியில் உட்கார்ந்து குதிகாலால் ஒவ்வொன்றாக உடைத்தான். மூன்றாவதை உடைத்துப் பருப்பை முழுசாக எடுத்து, "மிஸ், உங்களுக்கு" என்று நீட்டினான். வாங்கித் தின்றேன்.