ஆனித் தேருக்கு வீல்சேரோடு

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்கு வீல்சேரில் ஒருவரை அழைத்துவருகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, தேரைத் தேடிப் போவது. தேர் நாலு ரத வீதியையும் சுற்றித்தான் நிலைக்குத் திரும்பியாக வேண்டும். நல்ல இடத்தில் முன்கூட்டியே போய் நின்றுகொண்டால் அதுவே நம்மிடம் வரும்.

நிற்கக் கூடாத இடம் திருப்பங்கள். வாகையடி முக்கு, சந்திப்பிள்ளையார் முக்கு பக்கம் தேர் திரும்புவதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் திரும்பும்போது வடம் உள்பக்க மூலையை ஒட்டிச் சாயும், கூட்டமும் அங்கேயே அமுங்கும். நடக்கிறவர் ரெண்டு எட்டு வைத்து விலகிவிடுவார். வீல்சேர் திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும், அந்த நெரிசலில் அது கிடைக்காது. வீதியின் நடுவாந்திரமாக, முதுகுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கும் இடமாகப் பாருங்கள். அந்தச் சந்துதான் வெளியேறும் வழி. யாரும் பைக்கை நிறுத்தி அதை அடைத்துவிடாதபடி கூட வந்தவர் ஒருவர் கவனிக்க வேண்டும்.

2024-ல் வடம் திரும்பத் திரும்ப அறுந்து தேர் நெடுநேரம் நின்றது. அதனால் ரெண்டு விஷயம். வடத்தை விட்டுத் தள்ளியே இருங்கள். அடுத்தது, ரெண்டு மணி நேரத்தில் வீடு திரும்பிவிடலாம் என்ற கணக்கில் வராதீர்கள். மாத்திரை, தண்ணீர், சிறுநீர்ப் பை மாற்றுவதற்கான பொருள் எல்லாம் ஒரு பகல் முழுவதற்கும் கையில் இருக்கட்டும். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு உட்காரும் மெத்தை கண்டிப்பாக வேண்டும். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக் கொடுக்காவிட்டால் புண் விழும்.

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து ஆட்டோவில் வரலாம், மடித்த வீல்சேர் உள்ளேயே அடங்கும். ஆனால் தேரன்று டவுன் நுழைவில் உள்ள ஆர்ச்சைத் தாண்டி வண்டி விடுவார்கள் என்று நம்பிவிடாதீர்கள். சைடு வீல் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களும் அதைத் தூரத்திலேயே ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு வரும் யோசனையோடு கிளம்புங்கள். தடுப்பில் நிற்கும் காவலருக்கு அது இன்னொரு மோட்டார் வண்டிதான். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

பேட்டரி வீல்சேர் இந்தக் கூட்டத்துக்குச் சரிவராது. எடை அதிகம், நாலு பேர் தூக்குவதே சிரமம். சார்ஜ் இறங்கினால் மோட்டார் லீவரை விடுவித்துத் தள்ளலாம், ஆனால் லீவரை விடுவித்ததுமே அதன் பிரேக்கும் போய்விடும். சரிவில் நிற்காது. 18 கிலோ அளவில் இருக்கும் சாதாரண மடக்கு வீல்சேரே நல்லது.

அதிலும் கிளம்புமுன் டயரில் காற்று பாருங்கள். பிரேக் கட்டை டயரின் மேல் அழுத்தித்தான் வண்டியைப் பிடிக்கிறது. காற்று குறைந்தால் பிரேக் போட்டும் உருளும். மடியில் பெல்ட் கட்டுங்கள். சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரக் கம்பிக்குள் போகாமல் செருகிவிடுங்கள். ஊன்றுகோல்காரர்கள் அடியில் உள்ள ரப்பர் புஷ்ஷைத் திருப்பிப் பாருங்கள்: வரி தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் புதிது போடாமல் வரவேண்டாம். தண்ணீரும் நீர்மோரும் சிந்திய தரையில் அது நிற்கவே நிற்காது.

படி ஏற்ற உதவிக்கு வருகிறவர்கள் கைக்குக் கிடைத்ததைப் பிடித்துத் தூக்குவார்கள். கைவைப்பும் கால்வைப்பும் கழன்று வரக்கூடியவை. "அண்ணாச்சி, கால்வைப்பைப் பிடிக்காதீங்க, கீழ உள்ள இரும்புச் சட்டத்தைப் பிடிங்க" என்று முதலிலேயே சொல்லுங்கள். ஏற்றும்போது முதுகு படியைப் பார்க்க, வண்டியைப் பின்னுக்குச் சாய்த்து, பெரிய சக்கரத்தை ஒவ்வொரு படியாக இழுக்க வேண்டும். சரிவில் இறக்கும்போதும் பின்பக்கமாகத்தான். நேராக இறக்கினால் ஆள் முன்னால் சரிவார்.

சரிவுப் பலகை போடும் விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும். 15 செ.மீ. படிக்கே 1.8 மீட்டர் பலகை! ரெண்டடித் தகரத்தைச் சாய்த்து வைத்தால் அது வீல்சேருக்குப் பயன்படாது, ஆளைத்தான் கவிழ்க்கும். தடுப்புகளுக்கு நடுவே 90 செ.மீ. இடைவெளி விடுங்கள். இரும்புத் தடுப்பின் கால் தரையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அளக்கும்போது மேலே அல்ல, அந்தக் கால்களுக்கு நடுவே அளக்க வேண்டும்.

சுவாமி தேர் கடந்ததும் வண்டியைத் திருப்பாதீர்கள். பின்னாலேயே காந்திமதி அம்மன் தேர் வரும், சண்டிகேசுவரர் தேர் கடைசி. அதுவும் போனபிறகு வீதி தளரும். வாழைப்பழத் தோலும் தேங்காய்ச் சில்லும் கிடக்கும் தரையில் முன்சக்கரத்தைச் சற்றுத் தூக்கியபடியே தள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் அந்தச் சின்னச் சக்கரத்தின் அச்சைப் பாருங்கள். மாலையிலிருந்து உதிர்ந்த வாழைநார் அதில் இறுகச் சுற்றியிருக்கும்; கத்தரியால் நறுக்கி எடுத்துவிடுங்கள், விட்டால் மறுநாள் சக்கரம் சுழலாது.