இறக்கத்துக்குப் பென்சில் போடவில்லை

"செக் பொயின்ட்" என்ற சொல்லைக் கேட்டதுமே அம்மா போனில் பதறிவிட்டார். "சண்டை முடிஞ்சு எத்தன வருசமாச்சு, இன்னும் என்னத்துக்கு செக் பொயின்ட்?" 2009க்கு முன் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போய்வந்த யாருக்கும் அந்தச் சொல் அப்படித்தான் காதில் விழும். பஸ்ஸிலிருந்து இறங்கு, அடையாள அட்டையை எடு, வரிசையில் நில். இது விளையாட்டு அம்மா, சைக்கிளில் சுற்றுகிற போட்டி என்றேன். ஜூன் மழையிலா என்றார். மழையில்தான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "எம் படங்க எடுத்துட்டுப் போ" என்றார்.

படங்கு தெரியாதவர்களுக்கு: கொழுந்து பறிக்கிற பெண்கள் நனையாமலிருக்க இடுப்பில் சுற்றிக் கட்டுகிற தடித்த விரிப்பு அது. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோதே ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தேன். என்னுடைய மழைக்கோட்டு ஏற்றத்தில் மிதித்தால் உள்ளுக்குள்ளேயே மழை பெய்கிற ரகம். படங்கைப் பாதியாக வெட்டி இடுப்பில் கட்டிக்கொண்டு மேலே ஒரு சாதாரண சட்டையோடு ஓட்டிப் பார்த்தேன். தொடை காய்ந்திருந்தது. அது போதும்.

போட்டி இதுதான். கண்டியைச் சுற்றி 14 இடங்கள், அவைதான் செக் பொயின்ட். 8 மணி நேரம். எந்த ஒழுங்கில் போகிறோம், எந்தப் பாதையில் போகிறோம், எதை விடுகிறோம் எல்லாம் நம் விருப்பம். டவுனுக்குள் இருக்கிற இடங்களுக்கு 10, 20 புள்ளி, மேட்டில் இருப்பவற்றுக்கு 40, 50. ஒவ்வோர் இடத்திலும் கேட்டிருக்கிற கேள்விக்கு விடையைப் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். மாலை 3 மணிக்குப் பிறகு வந்தால் நிமிடத்துக்கு 2 புள்ளி வெட்டு. சைக்கிளில் கடிதமும் பொதியும் கொண்டு போகிறவர்கள் 1989இல் ரொறன்ரோவில் நடத்திய 'அலிகட்' ஓட்டத்தின் சொந்தக்காரப் பிள்ளைதான் இது. சந்துபொந்து தெரிந்தவன் ஜெயிப்பான் என்பது அங்கே விதி. கண்டியில் சந்து தெரிந்தால் மட்டும் போதாது, அந்தச் சந்து எந்தப் பக்கம் சரிகிறது என்றும் தெரிய வேண்டும்.

இரண்டு பேராக ஓட வேண்டும் என்பதால் எங்கள் அச்சகத்தில் விநியோகம் செய்கிற தம்பியைச் சேர்த்துக்கொண்டேன். வயது 22. 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது நாங்கள் இருவரும் சைக்கிளுக்கு மாறினோம். மற்றவர்கள் கியூஆர் முறையில் பெற்றோல் கிடைக்கத் தொடங்கியதும் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பிவிட்டார்கள். எனக்கு ஏனோ மனம் வரவில்லை. அவனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்க வசதி வரவில்லை.

சனிக்கிழமை மாலை 6 மணிக்கு இடங்களின் பட்டியல் போனுக்கு வந்தது. முதலாளியிடம் சாவி வாங்கி வைத்திருந்தேன். கண்டி நில அளவைப் படத்தின் 1:50,000 தாளை வெட்டும் மேசையில் விரித்து, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கிற சமவுயரக் கோடுகளை எண்ணி எண்ணிப் பாதைகளுக்குப் பென்சிலால் நிறம் போட்டேன். 100 மீற்றர் போவதற்குள் 8 மீற்றருக்கு மேல் ஏறினால் சிவப்பு, 4க்கும் 8க்கும் இடையில் மஞ்சள், 4க்குக் கீழே என்றால் பச்சை. நிறம் போட்டு முடித்ததும் ஊரே வேறு மாதிரி தெரிந்தது. மகாவலி கண்டியை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது, பேராதனையிலிருந்து வடக்கே கட்டுகஸ்தோட்டை, அங்கிருந்து பொல்கொல்லை, பிறகு தெற்கே திரும்பித் தென்னக்கும்புரை. ஆற்றோரம் முழுக்கப் பச்சை. டவுன் நடுவிலிருக்கிற ஏரியோ ஏறக்குறைய 530 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, பொல்கொல்லை ஆறு 440இல். ஆக நடுவிலிருந்து ஆற்றுப் பக்கம் எங்கே போனாலும் கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டும். குறுக்கு வழி என்று ஒன்று கண்டியில் கிடையாது. டவுனுக்குள்ளும் அப்படித்தான். தலதா மாளிகைக்கு முன்னால் போகிற வீதியைப் பார்த்தால் ஆசையாக இருக்கும், ஆனால் 1998 குண்டுவெடிப்புக்குப் பிறகு அதை வாகனங்களுக்கு மூடிவிட்டார்கள்.

என் திட்டம்: காலையில் கால் புதிதாக இருக்கும்போதே தெற்கு மேடுகளை எல்லாம் முடித்துவிடுவது. ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகம், ராஜபிகில்ல மாவத்தை, அம்பிட்டிய. பிறகு தென்னக்கும்புரைக்கு இறங்கி, ஆற்றைப் பிடித்துக்கொண்டு பொல்கொல்லை, கட்டுகஸ்தோட்டை, ஹல்லொலுவை, கன்னொருவை, பேராதனை என்று இடப்பக்கமாக ஒரு சுற்று. மொத்தம் 60 கிலோமீற்றர் சொச்சம். தம்பிக்கு இது பிடிக்கவில்லை.

"ஆத்துப் பக்கம் மொதல்ல போவோம் அக்கா. மழ பின்னேரம்தான வரும்."

"அது ஒக்டோபர் மழ தம்பி. ஜூன் மழ மணி பாக்காது."

ஒக்டோபர் இடி மழை மத்தியானத்துக்கு மேல்தான் கொட்டும். தென்மேற்குப் பருவ மழை அப்படியில்லை. விடியலில் தூற ஆரம்பித்தால் இரவு வரைக்கும் தூறும். நான் சொன்னது சரிதான். ஆனால் அவன் சொன்ன வழியில் போயிருந்தால் நல்லதாகப் போயிருக்கும், வேறு காரணத்துக்காக. அதற்கு வருகிறேன்.

பாதையை ஒரு தாளில் சுருக்கமாக எழுதி, லேசரில் அச்சடித்து, லெமினேட் செய்து, கைபிடித் தண்டில் டேப் போட்டு ஒட்டினேன். இதில் மட்டும் தொழில் கைகொடுத்தது. காலையில் எங்களுக்குக் கொடுத்த விடைத்தாள் மை தெளிக்கிற மலிவு பிரின்டரில் அடித்தது. ஹந்தானை ஏறுவதற்குள் கேள்விகள் நீல நீலமாக ஒழுகி ஒன்றோடொன்று கலந்துவிட்டன. போனில் பார்க்கலாம் என்றால் ஈர விரலுக்குத் திரை அசைய மறுத்தது. பென்சிலால் எழுதிய விடைகள் மட்டும் கடைசி வரை அப்படியே இருந்தன. நனைகிற இடத்துக்கு எழுதப் போகிறவர்கள் ஜெல் பேனாவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

7 மணிக்குக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் பக்கத்திலிருந்து கிளம்பினோம். ஹந்தானை ஏற்றம் ஏற்றம்தான், அதில் சொல்ல ஒன்றுமில்லை. பாதி மிதித்தோம், பாதி தள்ளினோம். 1925இல் கட்டிய அந்தப் பழைய தொழிற்சாலை மூடுபனிக்குள் நின்றது. தம்பியின் கணுக்காலில் இரண்டு அட்டை. நான் தோட்டத்துப் பிள்ளை, காலிலே சவர்க்காரம் பூசிக்கொண்டு வந்திருந்தேன். அவன் டவுன் பிள்ளை. அம்பிட்டிய குருமடத்தைத் தொட்டபோது மணி 9.20. திட்டத்துக்கு 10 நிமிடம் முன்னால். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்பிட்டியவிலிருந்து தென்னக்கும்புரைக்கு இறங்கும் பாதைக்கு என் படத்தில் நிறமே இல்லை. ஏறுகிற பாதைகளுக்குத்தானே நிறம் போட்டேன்? இறக்கம் இனாம் என்று நினைத்திருந்தேன். லெமினேட் தாளில் அதற்கு 15 நிமிடம் என்று எழுதியிருந்தது.

தம்பியுடையது மலிவான மவுண்டன் சைக்கிள், ரிம் இரும்பு, பளபளவென்று முலாம் பூசியது. அலுமினிய ரிம் நனைந்தாலும் சக்கரம் ஓரிரு சுற்றுச் சுற்றித் தண்ணீரைத் துடைத்த பிறகு பிரேக் பிடிக்கும். இரும்பு ரிம் நனைந்தால் வழுக்கிக்கொண்டே இருக்கும். அடிக்கடி லேசாக அழுத்தி ரிம்மைத் துடைத்துக்கொண்டே வா என்று சொல்லியிருந்தேன், அப்படித்தான் வந்தான். ஆனால் பாதையில் ஓடுகிற தண்ணீரில் மணலும் ஓடுகிறது. அந்த மணல் ரிம்மில் ஒட்டி, பிரேக் கட்டையை அரத்தால் ராவுவது போல ராவிவிடுகிறது. முன் ஃபோர்க்கில் கறுப்பாக ஒரு குழம்பு வழிந்துகொண்டிருந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். சேறு என்று நினைத்தேன். அது ரப்பர்.

மூன்றாவது வளைவில் "கிரீச்" என்று இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம். அவன் வேகம் குறையவில்லை. இரண்டு காலையும் இறக்கி, ரப்பர் செருப்பைத் தார் ரோட்டில் தேய்த்துக்கொண்டே போகிறான். எதிரில் பஸ் ஹோர்ன். நான் கத்தியது என்ன வார்த்தை என்று எனக்கு நினைவில்லை, அவனுக்கு நினைவிருக்கிறதாம். ஒரு வீட்டுக்கு ஏறுகிற சிமெந்துப் பாதையில் சைக்கிளைத் திருப்பி, மேடு ஏறி, தானாக நின்றான். அந்த வீட்டு ஆச்சி குடையைப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்து, சிங்களத்தில் "பைத்தியமா பிள்ளைகளே" என்றார். இந்தப் போட்டிக்குப் பதறிய இரண்டாவது தாய்.

அங்கிருந்து நடைதான். தென்னக்கும்புரைப் பாலத்துக்கு வர 10.20. சந்திக் கடையில் இஞ்சி போட்ட சாயத்தண்ணி ஆளுக்கு இரண்டு குடித்தோம். முன் கட்டை இரண்டும் தேய்ந்து உலோகம் பல்லைக் காட்டியது. ஒரு செருப்பின் குதிகாலில் ஓட்டை. என் சைக்கிளின் பின் பிரேக் கட்டைகளைக் கழற்றி அவனுடைய முன்சக்கரத்துக்குப் போட்டேன். இப்போது எனக்கு முன் பிரேக் மட்டும், அவனுக்கு முன் பிரேக்கும் பின்னால் பாதி பிரேக்கும். அந்த நேரத்தில்தான் உறைத்தது. அவன் சொன்னபடி ஆற்றுப் பக்கம் முதலில் போயிருந்தால் இந்தச் சரிவு எங்களுக்கு ஏற்றமாக இருந்திருக்கும். தள்ளிக்கொண்டு ஏறினால் யாருக்கும் பிரேக் தேவையில்லை.

ஆற்றோரம் நான் கணக்குப் போட்டபடியே பச்சை. பொல்கொல்லையில் ஆறு தேத்தண்ணி நிறத்தில் நிறைந்து நின்றது. இங்கிருந்துதான் மகாவலித் தண்ணீர் 8 கிலோமீற்றர் சுரங்கத்தில் உக்குவளைக்குப் போகிறது என்று தம்பிக்குச் சொன்னேன். "நம்மளயும் அதுல போட்டா நேரம் மிச்சம்" என்றான். ஹல்லொலுவைப் பக்கம் ஒரு மணி நேரம் பேசாமல் மிதித்தோம், அந்த நாளின் மிக நல்ல மணி நேரம் அது. ரயில் கடவை ஒன்றில் மட்டும் நான் சாய்வாகக் கடக்கப் போய்ச் சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கி விழுந்தேன். ஈரத் தண்டவாளத்தைச் செங்கோணத்தில்தான் கடக்க வேண்டும் என்று தெரியும். தெரிந்துதான் விழுந்தேன். படங்கு கிழியவில்லை, முழங்கை கிழிந்தது.

பேராதனை ரயில் நிலையம், பல்கலைக்கழகம், திரும்பி டவுன். பகிரவகந்தை அடிவாரத்துக்கு வந்தபோது மணி 2.38. மேலே வெள்ளைப் புத்தர் சிலை மேகத்துக்குள் தோள் வரை மறைந்திருந்தது. 40 புள்ளி. ஏறி இறங்கி, கிளம்பிய பிள்ளையார் கோயிலுக்குத் திரும்பிப் போக 30 நிமிடமாவது வேண்டும், மிச்சமிருப்பது 22.

"போவோமா அக்கா?"

"வேணாம். புள்ளி வெட்டுவாங்க."

2.46க்கே முடித்துவிட்டோம். 17 அணிகளில் ஆறாவது இடம். ஐந்தாவது அணிக்கும் எங்களுக்கும் 15 புள்ளி வித்தியாசம்.

இரவு அறையில் தலை துவட்டிக்கொண்டிருந்தபோதுதான் கணக்கு வந்தது. 30 நிமிடம் ஆகியிருந்தால் 8 நிமிடம் பிந்தியிருப்போம். வெட்டு 16. நாற்பதில் பதினாறு போனால் இருபத்து நான்கு. முதல்நாள் மாலை முழுக்கச் சமவுயரக் கோடு எண்ணியவளுக்கு, அடிவாரத்தில் நின்று இந்த ஒரு கழித்தலைப் போட வரவில்லை. உண்மையைச் சொன்னால், புள்ளிக்குப் பயந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. முன் பிரேக் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மேட்டிலிருந்து இறங்கப் பயந்தேன்.

தம்பியிடம் இதுவரைக்கும் சொல்லவில்லை. ஆறாவது இடத்தை அச்சகத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். இதை வாசித்தானென்றால் திங்கட்கிழமை வந்து கேட்பான்.