அப்பாவுக்காக ஏடிவி சஸ்பென்ஷனைச் சரிசெய்த கதை: ஐந்து மாத அலைச்சல்

தாண்டிக்குடிக்குக் கீழே இருக்கும் எங்கள் காப்பித் தோட்டத்தில், மேல்காட்டுக்குப் போகும் பாதை முழுக்கக் கல்லும் வேரும்தான். அப்பாவுக்கு 71 வயது. அவரால் நடந்து ஏற முடியவில்லை என்பதற்காகத்தான் மூன்று வருடத்துக்கு முன் ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓடும் நாலு சக்கர வண்டி) வாங்கினோம். போன ஜனவரியில் பழம் எடுப்பு முடிந்த கையோடு அவர் அதில் ஏறுவதையே நிறுத்திவிட்டார். "தூக்கித் தூக்கிப் போடுதுப்பா, இடுப்பே கழண்டுடும் போல இருக்கு" என்றார். ஏற்கெனவே டிஸ்க் தேய்ந்தவர். இதைச் சரிசெய்யக் கிளம்பிய எனக்கு ஐந்து மாதமும் 50,000 ரூபாய்க்கு மேலும் போயின. கடைசியில் பலன் கொடுத்த வேலைகளுக்கு ஆன செலவு 3,000 ரூபாயைத் தாண்டவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஏடிவிக்கு நம்பர் கிடையாது, ரோட்டில் ஓட்டிப் போக முடியாது. குட்டியானையில் ஏற்றிக் கயிறு கட்டி மதுரைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் வண்டியில் உட்காரவில்லை, டயரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பின்பக்கத்தை இரண்டு முறை அமுக்கிவிட்டு, "ஸ்பிரிங் தளர்ந்துடுச்சு சார், கனமானதா வாங்கிப் போடுங்க, சொகுசா இருக்கும்" என்றார். நானும் நம்பினேன். வாடகை 6,500.

வெளிநாட்டிலிருந்து 'ஹெவி டியூட்டி' பின் ஸ்பிரிங் ஒரு ஜோடி வரவழைத்தேன். அது சுங்கத்தில் 19 நாள் நின்றது. விற்றவர் இன்வாய்ஸில் 'பார்ட்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தார். என்ன பொருள், எந்த வண்டிக்கு என்ற விவரமே இல்லை. அடையாளச் சான்றாகக் கொடுத்த என் ஆதாரில் இருப்பது மதுரை முகவரி, பார்சல் வருவது தோட்டத்துக்கு. கூரியர் அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு புது ஆள் பேசினார், ஒவ்வொருவரும் அதே தாள்களை மறுபடி அனுப்பச் சொன்னார். உதிரிபாகம் வரவழைப்பவர்கள் பணம் கட்டும் முன்பே விற்பவரிடம் சொல்லி, பொருளின் முழுப்பெயர், எண்ணிக்கை, விலை எல்லாம் இன்வாய்ஸில் எழுத வையுங்கள். அடையாளச் சான்றில் உள்ள முகவரிக்கே அனுப்பச் சொல்லுங்கள்.

வந்த ஸ்பிரிங்கை மாட்டினோம். (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இல்லாமல், ஸ்பிரிங் மாட்டியிருக்கும் ஷாக் அப்சார்பரைப் பிரிக்காதீர்கள். கயிறு கட்டிச் சமாளிக்கலாம் என்று எங்கள் டிராக்டர் மெக்கானிக் ஆரம்பித்தார், நான் விடவில்லை. அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் முகத்துக்குத்தான் வரும்.) அப்பா ஏறி இருநூறு மீட்டர் போனார், இறங்கி நடந்தே திரும்பி வந்தார். முன்னைவிட மோசம். அந்த வகை ஸ்பிரிங் எப்போதும் பாரம் சுமக்கிற வண்டிகளுக்கானது. 62 கிலோ மனிதர் தனியாக உட்கார்ந்தால் அது அசைந்தே கொடுக்காது. கனமான ஸ்பிரிங் என்றால் சொகுசு என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

மனது விட்டுப்போய்க் கோயம்புத்தூரில் இருக்கும் பள்ளித் தோழனுக்குப் போன் செய்தேன். ரேலி பைக்குகளுக்கு சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங், ஷாக் வேலை செய்பவன். அவன் கேட்ட முதல் கேள்வி: "மாப்ள, டயர்ல காத்து எவ்வளவு இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. டிசம்பரில் ஒரு சக்கரம் பஞ்சராகி வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோனபோது, கடைக்காரரிடம் இருந்த காற்றழுத்த கேஜில் 10 பிஎஸ்ஐக்குக் கீழே கோடே கிடையாது. 22 வைத்து அனுப்பினார். மற்ற மூன்றும் இதற்குச் சமமாக இருக்கட்டும் என்று நாங்களே காற்றடித்து ஏற்றியிருந்தோம். வண்டியில் ஒட்டியிருக்கும் தாளில் இருப்பதோ 7 பிஎஸ்ஐ. ஏடிவியில் கல்லின் அடியை முதலில் வாங்கிக்கொள்வது டயர்தான். அது கல் மாதிரி இறுகிக் கிடந்தால் ஷாக் என்ன செய்யும்? 0 முதல் 15 வரை காட்டும் கேஜ் ஒன்று வாங்கி, காலையில் வண்டியை எடுக்கும் முன் நான்கையும் 7-க்கு இறக்கினேன். பாதி வலி அப்போதே போய்விட்டது. அதற்காக 7-க்கும் கீழே இறக்காதீர்கள், ரிம் கல்லில் இடிக்கும், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

அடுத்து அளக்கச் சொன்னான். பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டி, ஜாக்கி வைத்துப் பின்சக்கரங்கள் தொங்கும்வரை தூக்கி, அச்சிலிருந்து கேரியர் கம்பிவரை டேப் பிடித்தேன். பிறகு இறக்கி, அப்பாவை உட்கார வைத்து மறுபடி அளந்தேன். வித்தியாசம் வெறும் 4 செ.மீ. எங்கள் வண்டியின் பின்சக்கரம் மொத்தம் 24 செ.மீ. ஏறி இறங்கும். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது ஆள் உட்கார்ந்ததும் அமுங்க வேண்டும், அப்போதுதான் குழியில் சக்கரம் கீழே போய்த் தரையைப் பிடிக்கும். ஷாக்கின் அடியில் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் பிரீலோட் வளையத்தைப் பார்த்தால் ஐந்தாவது படியில் நின்றது. நவம்பரில் பழ மூட்டை ஏற்றுவதற்காக நானே திருகி வைத்தது! அப்புறம் மறந்தே போனேன். முதல் படிக்குத் திருப்பியதும் 7 செ.மீ. வந்தது.

அப்படியும் சின்னக் கல்லில்கூட 'டொக்' என்று ஒரு சத்தம். ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்சக்கரத்தைத் தாங்கும் ஆர்மைக் கையால் தூக்கிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டும். எங்களுடையதில் ஒரு பக்கம் ஆடியது, மறுபக்கம் இறுகிக் கிடந்தது. கிரீஸ் நிப்பிள் முழுக்கச் சேறு, ஆர்ம் சுழலும் இடத்தில் இருக்கும் உறையான புஷ் தேய்ந்து ஓவலாகிவிட்டது. திண்டுக்கல்லில் ஒரு லேத் பட்டறையில் நைலான் ராடில் புது புஷ் கடையச் சொன்னேன். அங்கும் ஒரு நாள் வீண். உள்ளே போகும் இரும்புக் குழாயை புஷ்ஷைவிட அரை மில்லி குட்டையாக வெட்டிவிட்டார்கள். போல்ட்டை முறுக்கினால் புஷ்ஷே நசுங்கி ஆர்ம் அசையவில்லை. குழாய் ஒரு மயிரிழை நீளமாக இருக்க வேண்டும். போல்ட் குழாயைத்தான் பிடிக்கணும், புஷ் அதன் மேல் சுழல வேண்டும். இரண்டாம் முறை சரியாக வந்தது. கிரீஸ் அடித்து மாட்டினேன், சத்தம் போய்விட்டது.

போன ஞாயிறு காலை அப்பா தனியாகவே மேல்காடு வரை போய்விட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பினார். இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மேலே சில்வர் ஓக்குக்குக் கவாத்து பண்ணாம விட்டிருக்கீங்க, மிளகுக்கு வெயிலே படல" என்று மேஸ்திரியைத் திட்டிக்கொண்டேதான் இறங்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முன்பக்க வலது ஷாக்கில் லேசாக எண்ணெய் கசிகிறது, அது அடுத்த வேலை. நவம்பரில் மறுபடி மூட்டை ஏற்றுவோம். பிரீலோட் வளையத்தைத் திருகும் கொக்கி ஸ்பேனரைப் பின் கேரியரிலேயே கம்பி போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்; மூட்டை இறக்குகிறவர் வளையத்தை முதல் படிக்குத் திருப்பிய பிறகுதான் சாவியைக் கொண்டுவந்து மாட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.