மருந்து கேட்கும் முன் மண்வெட்டியை எடுங்க

சவுக்கில் புழு விழுந்தால் எனக்கு வரும் போன் எல்லாம் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "அம்மணி, என்ன மருந்துங்க அடிக்கறது?" நான் பதிலுக்குக் கேட்பேன்: தோப்பு முழுக்கவா, ஒரு மூலையிலா?

பெரும்பாலும் மூலைதான். அன்னூர்ப் பக்கம் ஒரு பெரியவர் தோப்பும் அப்படித்தான் இருந்தது. ஒரே நர்சரி நாற்று, ஒரே சமயத்தில் நட்டது, தண்ணீரும் ஒரே சொட்டுநீர்க் குழாயில்தான். கிழக்கே செம்மண்ணில் மரங்கள் நேராக, சுத்தமாக நிற்கின்றன. மேற்கே கரட்டோரம் மண்வெட்டியைப் போட்டால் ஒரு முழம் இறங்குவதற்குள் பாறையில் ணங் என்கிறது. அங்கே மரமெல்லாம் குட்டை, கவட்டை கவட்டையாகக் கிளைத்தது. பட்டைப்புழுவும் அங்கேதான். பட்டைத் தூளையும் எச்சத்தையும் நூலால் பின்னி, கவட்டையிலிருந்து அடிமரம் வரை ஒட்டடை மாதிரி இழுத்து வைத்திருந்தது. பகலில் ஓட்டைக்குள் கிடக்கும். ராத்திரி அந்த மறைவுக்குள் ஊர்ந்து வந்து பட்டையைத் தின்னும். இலை நனைய மருந்தடித்து என்ன பிரயோசனம்?

சவுக்கைப் பார்த்தால் பைன் மாதிரி இருக்கும், ஆனால் ஊசியிலை மரம் இல்லை. பூக்கிற மரம்தான், ஊசி என்று நாம் நினைப்பது மெல்லிய பச்சைக் குச்சி. இருந்தாலும் நிலத்துக்கும் பூச்சிக்கும் உள்ள தொடர்பைப் படிக்க பைன், ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரத் தோட்டங்களைத்தான் பார்க்க வேண்டும். துளைக்கிற வண்டை அந்த மரங்கள் பிசினைக் கக்கி அமுக்கிவிடும். கடும் வறட்சியில் அந்தப் பிசின் குறைந்துபோகும். ஐரோப்பாவில் குளிர்ந்த மலைக்குரிய ஸ்புரூஸைத் தாழ்வான, வெப்பமான இடங்களிலும் ஏராளமாக நட்டு வைத்திருந்தார்கள். 2018 வறட்சிக்குப் பிறகு பட்டை வண்டு காடுகாடாகக் காயவைத்தது. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் 1987 முதல் 1989 வரை சைரெக்ஸ் என்ற மரக்குளவியால் 50 லட்சம் பைன் மரங்களுக்கு மேல் செத்தன. காலத்தில் மரம் கலைக்காமல் நெருக்கமாக விட்ட தோட்டங்களுக்குத்தான் பலத்த அடி. நம்மூரில் ஏக்கருக்கு 4000 சவுக்கு வைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அதற்காக எல்லாப் பூச்சியும் நோஞ்சான் மரத்தையே தேடும் என்று நினைத்துவிடாதீர்கள். வட அமெரிக்காவில் பைன், ஸ்புரூஸ் நுனிக் குருத்தைத் துளைக்கும் கூன்வண்டு ஒன்று இருக்கிறது. அதற்குத் திறந்த வெயிலில் தடித்து வளரும் கொழுத்த குருத்துதான் வேண்டும். பெரிய மரங்களின் நிழலில் வளரும் கன்றுகள் பெரும்பாலும் தப்பிவிடும். எந்தப் பூச்சி என்று தெரியாமல் நிலத்தைக் குறை சொல்லவும் முடியாது.

பெரியவரிடம் ஓட்டைகளில் கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி எடுக்கச் சொன்னேன். வெட்டு முடிந்ததும் அந்த மூலையில் மறுபடி சவுக்கு வேண்டாம், வெள்வேல் நாலு வைத்து, கொழுக்கட்டைப் புல் விட்டு, ஆடு மாடு மேய்கிற கொரங்காடாகப் போட்டுவிடுங்கள் என்றும் சொன்னேன்.

"எனக்குச் சரிங்க அம்மணி. பையன்தான் ஜேசிபி விட்டுப் பாறையப் பேத்தர்லாம்ங்கறான்" என்றார்.