நாற்பதாயிரம் ரூபாய் லைசென்ஸ்

பெங்களூரு அல்சூரில் அப்பா விட்டுப்போன சைக்கிள் கடை முன்னால் மூன்று ஸ்கூட்டர் நிற்கிற அளவுக்கு இடம் சும்மா கிடக்கிறது. மின்சார வண்டிகளுக்கு சார்ஜிங் பாயின்ட் போடலாமே என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், ஒரு புரோக்கர் வந்துவிட்டார். "லைசென்ஸ் எடுக்கணும் சார், நாற்பதாயிரம் ஆகும்."

பணத்தைப் புரட்டக் கிளம்பிவிட்டேன். தம்பிதான் தடுத்தான்: "அண்ணா, முதல்ல ரூல்ஸைப் படி." படித்தால், மத்திய மின்துறை 2018 ஏப்ரலிலேயே தெளிவாக்கியிருக்கிறது: வண்டிக்கு சார்ஜ் ஏற்றுவது ஒரு சேவை, 2003 மின்சாரச் சட்டப்படி அதற்கு லைசென்ஸ் வேண்டாம். பாதுகாப்பு, தர விதிகளுக்கு மட்டும் விலக்கு கிடையாது.

ஆக, வேலையெல்லாம் ஊருக்கு மின்சாரம் விநியோகிக்கும் பெஸ்காமிடம்தான். சார்ஜிங்குக்கென்று தனிக் கட்டணப் பிரிவு இருப்பதால் தனி மீட்டர் கேட்டு விண்ணப்பித்தேன்.

அலைக்கழித்தது எர்த்திங், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு. எலக்ட்ரீஷியன் அண்ணன் தருமபுரிக்காரர், விடாக்கண்டர். மூலையில் சிமென்ட்டை உடைத்துக் குழி தோண்டி, கம்பி இறக்கி, கருவியை வைத்து மின்தடையைப் பார்த்தார். 11 ஓம், அதிகம். "இது ஆகாது தம்பி" என்று இன்னொரு குழி தோண்டவைத்து, இரண்டையும் செம்புப் பட்டையால் இணைத்த பிறகுதான் சிரித்தார்.

ஜிஎஸ்டி பதிவா? எனக்கு இந்தச் சேவை ஒன்றுதான். ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் பார்க்கலாம். மூன்று ஸ்கூட்டரை வைத்து அதைத் தாண்டினால் தெருவுக்கே பிரியாணி.

புரோக்கர் நேற்றும் வந்தார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.